கோட்டுப் போட்ட நோயாளி

என் வீட்டுக்காரரிடம் கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் போட்டது. முழங்கையில் கிழிந்த இடத்துக்கு நான்தான் ஒட்டுப் போட்டிருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் துரை வந்து ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவாரே, அந்த நேரத்துக்கு அது இல்லாமல் அவர் போனதே கிடையாது. காய்ச்சலானாலும் சரி, மழையானாலும் சரி, கோட்டு மாட்டி, பொத்தானைப் பூட்டி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "சொகங்க" என்பார். அந்த மனுஷனுக்கு வேறு பதில் தெரியாது.

எங்கள் தோட்டம் கொட்டகலைப் பக்கம். சுதந்திரம் வந்து, தோட்டத்துத் தமிழ் ஆட்களான நமக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போயிருந்த காலம். கவ்வாத்து மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி நழுவி அவருடைய கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. சின்ன வெட்டுதான். தோட்டத்து மருந்துக்காரர் கட்டிவிட்டார். ஆனால் கால் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே நோயாளியைப் பார்க்க மத்தியானத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். நான் அரைநாள் கொழுந்து எடுத்துவிட்டு, கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, பஸ் பிடித்து ஓடுவேன். போனால் இவர் சிரித்த முகமாகப் படுத்திருப்பார்.

"வலிக்குதாங்க?"

"சொகமா இருக்கு புள்ள. நாளைக்கி வீட்டுக்குப் போகலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். கினிகத்தேனையில் கடை வைத்திருந்தவர், தமிழ் பேசுவார். அவர் என்னைத் தங்கச்சி முறை வைத்து, கையசைத்துக் கூப்பிட்டார்.

"நங்கி, ஒங்க மாத்தயா பொய் சொல்றது. காலையில டாக்டர் வாறது, இவர் கோட்டுப் போட்டு எந்திரிச்சு நிக்கிறது. டாக்டர் போறது, இவர் தலகாணியில மொகம் வச்சு அழுறது."

போர்வையை விலக்கிப் பார்த்தேன். வெட்டுக்காயம் மேலே ஆறித்தான் இருந்தது. ஆனால் காயத்துக்கு மேலே முழங்கால் வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்றிருந்தது. தொட்டால் கொதித்தது. எங்கள் லயத்தில், வரிசையாய் இருந்த அறைகளில் கடைசிக் காம்பராவில் ஒருவர் இருந்தார். இப்படித்தான் சுகம் என்று வீட்டுக்கு வந்தார், பிறகு தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள்.

"வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? டாக்டருகிட்டச் சொல்றதுக்கென்னா?"

"சத்தம் போடாத புள்ள. படுக்க எடம் குடுத்து மருந்தும் குடுக்குறாங்க. பெரிய மனுசரு முன்னால படுத்துக்கிட்டு அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு சொல்ல முடியுமா? நமக்கு இங்க என்னா உரிமை இருக்கு?"

என் வாய் சும்மா இருக்குமா? நேரே போய் நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாவும் பாவம், நூறு வேலையை விட்டுவிட்டு வந்து, "எப்பிடி, வலி இருக்கா?" என்று கேட்டார். இந்த மகராசன் கையைக் கட்டிக்கொண்டு, "சொகங்க மிஸ்ஸி" என்கிறார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வந்த கோபத்தில் இந்த மனுஷனை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. டாக்டரைப் பார்க்கலாமென்றால் அவர் வருவது காலையில், அப்போது வாசற்காரன் என்னை உள்ளே விடமாட்டான்.

போவதற்கு மணி அடித்தார்கள். தலையணைக்குக் கீழே அந்தக் கோட்டு மடித்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. வெடுக்கென்று உருவினேன்.

"நாத்தம் கொடலப் பொரட்டுது. தொவச்சுக் கொண்டாறேன்."

"ஏ புள்ள, காலையில டாக்டரு வருவாரு. வச்சிட்டுப் போ. இந்தா புள்ள…"

நான் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மறுநாள் மலையில் என் கை கொழுந்தைப் பறித்ததே தவிர, மனசு முழுக்க அந்தக் கட்டிலில்தான். கோட்டு இல்லாமலே எழுந்து நின்றுவிட்டால்? வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டால்? நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவாரோ என்று ரோட்டைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலி கண்டுவிட்டது.

மத்தியானம் போனேன். கட்டில் காலியாகக் கிடந்தது. கடைக்காரப் பெரியவர்தான், "பயம் வேணாம் நங்கி. கால் கீற உள்ளுக்குக் கொண்டு போனது" என்று என்னை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்ததும், "என்ன, இண்டைக்கு எழும்பி நிக்கேல்லையோ?" என்று கேட்டாராம். இவர் கழுத்துவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு, "கோட்டு இல்லீங்க தொரை. வீட்டுல எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாராம். டாக்டர் சிரித்துக்கொண்டே போர்வையைத் தூக்கியிருக்கிறார். காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்து, "நோகுதோ?" என்று கேட்டதற்கு, "கொஞ்சங்க" என்றாராம் இவர். கண்ணில் தண்ணீர் மட்டும் ஓடியதாம். டாக்டர் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் துரை இல்லை. நோகிற இடத்தைச் சொல்லுறதுதான் இஞ்ச உம்மட வேலை. கேட்டுப் பாக்கிறது என்ர வேலை. நானும் நேற்றே போர்வையைத் தூக்கிப் பாத்திருக்கவேணும்."

சற்று நேரத்தில் என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். உள்ளே கட்டியிருந்த சீழை எடுத்தாயிற்று, காலுக்குப் பயமில்லை என்று நர்ஸம்மா சொன்னார். சொல்லும்போது என் தோளைத் தட்டினார். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் என்னைக் கண்டதும், "வலிக்குது புள்ள" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே! நோவைச் சொல்வதுதான் உன் வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டாரல்லவா, இவர் வேலையில் குறை வைக்காத ஆள். கால் நோவு, இடுப்புப் பிடிப்பு, சின்ன வயதில் சொத்தையான பல் என்று ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறார். "இவர் வாய் மூடச் சொல்லு நங்கி" என்று கடைக்காரப் பெரியவர் கும்பிட்டார்.

கோட்டைத் துவைத்துக் காயவைத்து, அடுத்த தடவை போகும்போது கொண்டுபோனேன். தலையணைக்குக் கீழே வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இப்ப வேணாம் புள்ள. காம்பராவுல மாட்டி வையி. நான் நிக்க வேண்டிய நேரத்துக்குக் கேக்குறேன்."

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை எங்கெங்கே வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன்.