அக்காவின் தெத்துப்பல்

பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் பல்செட் செய்பவளுக்கு வீட்டில் பெயர் பல்லுக்காரி. முன்பெல்லாம் பல் அச்செடுக்கும் மாவோடும் மெழுகோடும் மல்லுக்கட்டுவாள். இப்போது கணினியில் வரைந்து அனுப்பினால் போதும், முப்பரிமாண அச்சு இயந்திரம் பிசினை ஒளியால் இறுக்கி, அடுக்கடுக்காகப் பல்வரிசையை எழுப்பிவிடும். செட் தொலைந்தாலும் கோப்பு இருக்கும், இன்னொன்று அச்சடிக்கலாம். பழைய வேலை போனதற்கு அவள் கண்ணீர் விடவில்லை. விட்டது சனி என்றுதான் இருந்தாள்.

அந்த இயந்திரத்தை நம்பித்தான் பல்செட் செய்து தருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்தாள். ஈறு நோயில் அக்காவின் பற்கள் மொத்தமும் போயிருந்தன. நாலு வீடு கேட்கச் சிரித்தவள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வாசல் மணி அடித்தால் உள்ளறைக்குள் ஓடினாள். தங்கைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அழகுராணி மாதிரியெல்லாம் வேண்டாம்டி. என் மூஞ்சி எனக்குத் திரும்ப வந்தாப் போதும்," என்றாள் அக்கா.

அக்கா தானே கைபேசியில் எடுத்துக்கொண்ட பழைய படத்தைத் திரையில் வைத்து, துருத்தி நின்ற தெத்துப்பல் உட்பட எல்லாவற்றையும் பல்லுக்காரி அப்படியே வரைந்தாள். போட்டுப் பார்க்க மாதிரிச் செட் ஒன்றை அச்சடித்து எடுத்துப்போனாள்.

அக்கா மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

"இது யாருடி?"

"நல்லாத்தான் இருக்கு," என்று இழுத்தார் அக்காவின் கணவர். "ஆனா யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி..."

அக்கா செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எனக்குப் பல்லே வேண்டாம், விடு. இருக்கிற காலத்தை இப்படியே ஓட்டிடறேன்."

பல்லுக்காரிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி அந்தப் படத்தை முறைத்தாள். அக்காவின் தோளுக்குப் பின்னே ஒரு கடைப் பலகை. அதன் எழுத்துகள் அத்தனையும் இடவலம் மாறிக் கிடந்தன.

"அட, கண்ணு அவிஞ்சவளே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். தன்னைத்தானே எடுக்கும் படத்தைச் சில கைபேசிகள் கண்ணாடி போலத் திருப்பி வைத்துவிடும். வலப்பக்கத் தெத்துப்பல்லை இடப்பக்கம் நட்டிருக்கிறாள். கூடப் பிறந்து, கூடச் சாப்பிட்டு வளர்ந்தவள் போயும் போயும் ஒரு படத்தை நம்பியிருக்கிறாள்!

மாவுக் காலமாக இருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது பல்வரிசையை மட்டும் திரையில் இடவலம் மாற்றி, மறுபடி அச்சுக்குக் கொடுத்தாள். மாலையே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா வேண்டாவெறுப்பாக மாட்டினாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு தானாக வலப்பக்கம் போய் அந்தப் பல்லைத் தொட்டது.

"வந்துட்டா பாரு மூதேவி! இவளைக் கண்ணாடியில பார்த்து எத்தனை நாள் திட்டியிருப்பேன்!"

சொல்லும்போதே சிரிப்பு பொங்கியது. பழக்கத்தில் வாயைப் பொத்த எழுந்த கை, பாதியில் திரும்பி, தங்கையின் முதுகில் பளாரென்று விழுந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது. கணவர் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க," என்று சொல்லிவிட்டு, அக்காவே போய்க் கதவைத் திறந்தாள்.