அம்மா வெட்டாமல் விட்ட நாலு வரி

அம்மாவின் இறுதிக் கிரியை முடிந்து, மண்டப வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தேன். சிவா அண்ணா கடைசியாக வந்தார். மற்றவர்கள் சொன்ன ஆறுதல் எதையும் அவர் சொல்லவில்லை. "தங்கச்சி, என்ர நாலு வரியை இனி ஆர் பாடுறது?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல் உடனே தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பாடுறன்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பாட வராது என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை பாடநெறி மாற்றியவள் நான், எதிலும் அவசரம். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்றும் அதே நொடியில்தான் தோன்றியது. இன்று முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு அம்மா பாடகி. சிலருக்கு ரீவியில் வந்த அன்ரி. சிலருக்குத் தெருவில் பதாகை பிடித்து நின்றவர். நாலு வரி என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது.

அம்மா பருத்தித்துறையில், ஐந்து பிள்ளைகளில் நடுப்பிள்ளையாகப் பிறந்தார். போரில் அவருடைய பள்ளிக்கூடம் மூன்று முறை இடம் மாறியது. அப்பாவைத் திருமணம் செய்து சிட்னிக்கு வந்தபோது ஆங்கிலம் வாசிப்பார், பேசப் பயப்படுவார். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை கிடைத்தது. அங்கே ஒரு கிழவரின் அறையில் வானொலி நாள் முழுக்கக் கன்ட்ரி பாட்டுகளே பாடும். மழை பெய்யவில்லை, மாடு செத்துப்போனது, மனைவி விட்டுப்போனாள். அம்மா படுக்கை விரிப்பை மாற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "இஞ்சேருங்கோ, இவங்களும் எங்களைப்போலத்தான் ஒப்பாரி வைக்கிறாங்கள். ஒரு கிற்றார்தான் கூட" என்று அப்பாவிடம் சொன்னாராம். அடுத்த மாதமே பழைய கிற்றார் ஒன்று வீட்டுக்கு வந்தது. மேய்ஸ் ஹில் கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் காரின் பின் இருக்கையில் பழகினார். வழி சொல்ல மறந்து பூசைக்குப் பிந்தியதும் உண்டு என்கிறார் அப்பா.

மெல்பேணுக்கு வந்து பொயிண்ட் குக்கில் வீடெடுத்த பிறகு, அம்மா தாமே பாட்டு எழுதத் தொடங்கினார். மெட்டு அந்தக் கன்ட்ரி பாட்டுக்காரருடையது, சொல் எங்களுடையது. சேலைக்கு மேல் டெனிம் ஜாக்கெட்டோடு சிற்றூர் விழாக்களில் ஏறுவார். தமிழில் ஒரு சொல் தெரியாதவர்கள் மூன்றாவது பாட்டில் காலால் தாளம் போடுவார்கள். எங்கள் ஆட்களிடம்தான் பெரும்பாடு. "தேவாரம் படிச்ச பிள்ளை ஏன் மாடு மேய்க்கிறவன்ர பாட்டுப் பாடுது?" என்று ஒரு அங்கிள் கேட்டார். "மாடு மேய்ச்ச கண்ணனைக் கும்பிடுறியள்தானே அங்கிள்" என்றார் அம்மா. அதன்பின் அந்த அங்கிள் எல்லா நிகழ்ச்சிக்கும் வந்தார், முன்வரிசைக்கு.

பாட்டின் வழியாக நடிப்பும் வந்தது. தொலைக்காட்சி நாடகங்களில் கிடைத்ததெல்லாம் துயரப்படும் தாய் வேடம். "மூண்டு நாடகத்திலயும் நான் ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்து அழுறன். எனக்குச் சிரிப்புக் காட்டவும் வரும்" என்று இயக்குநரிடமே சொன்னார். பிறகு மேடை நாடகமொன்றில் அவரைப் பக்கத்து வீட்டுச் சண்டைக்காரி ஆக்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்து முழு நாடகத்தையும் எங்களுக்கு நடித்துக்காட்டினார், பார்வையாளர் சிரித்ததையும் சேர்த்து.

ஆனால் அம்மாவின் உயிர் புதன்கிழமைப் பாட்டில் இருந்தது. படகில் வந்து ஆண்டுக்கணக்காக விசாவுக்குக் காத்திருப்பவர்களோடு, புதன்தோறும் காலையில் குடிவரவு அலுவலகத்துக்கு முன்னே நடைபாதையில் நின்று பாடுவார். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பாட்டில் நாலு வரி. நிரந்தர விசா கிடைத்ததும் அவருடைய நாலு வரியைப் பாட்டு எழுதிய கொப்பியில் வெட்டிவிடுவார். "என்ர இந்தப் பாட்டு மட்டும் சின்னனாகச் சின்னனாகத்தான் நல்லது" என்பார்.

இதில் அம்மா ஒரு பிழை விட்டார். சிவா அண்ணாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஒரு செவ்வாயன்று யாரோ தொலைபேசியில், "சிவாவுக்குக் கடிதம் வந்திட்டுதாம்" என்றார்கள். அம்மா துள்ளிக் குதித்து வரிகளை வெட்டினார். வந்த கடிதமோ தற்காலிக விசாவை இன்னும் கொஞ்சம் நீட்டியது மட்டுமே. மறுநாள் சிவா அண்ணா வேலைக்கு விடுப்பெடுத்து வந்து கூட்டத்தில் நின்றார். பாட்டு முடிந்தது, அவர் பெயர் வரவில்லை. யாரிடமும் பேசாமல் ரயிலேறிப் போய்விட்டார்.

விஷயம் தெரிந்த அன்றே அம்மா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வெரிபீயில் சிவா அண்ணாவின் வீட்டுக்கு ஓட்டினார். கதவைத் திறந்தவரிடம், "தம்பி, நான் அவசரப்பட்டுட்டன்" என்றார்.

"பரவாயில்லை அக்கா. குடிவரவுக்காரர்தான் மறந்திட்டாங்கள் எண்டால் நீங்களுமோ எண்டு நினைச்சன்."

அம்மா உள்ளே போனார். சிவா அண்ணாவின் குசினியில், சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்றே பாடினார்:

வெரிபீ ரயிலில் சிவா வாறான்,
கையில சாப்பாட்டுப் பெட்டி;
மகளுக்குப் பல் விழுந்து முளைச்சிட்டுது,
போனிலதான் பாத்தான் எட்டி.

அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. கடிதத்தை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும். வெட்டும் பேனா கடிதம் வந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். வெட்டியவர்கள் அழுததையும், அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

புற்றுநோய் அம்மாவின் குரலைத்தான் முதலில் எடுத்தது. கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம், கொப்பியைக் காட்டச் சொன்னார். "சிவாவின்ர கடிதம்?" என்று உதட்டால் கேட்டார். "நொட் யெட், அம்மா, இன்னும் வரேல்லை" என்றேன். "அப்ப வெட்டாதை." எனக்கு அவர் சொன்ன கடைசி வேலை அதுதான்.

அம்மாவைத் தம் தாய்போல் பார்த்த தாதியருக்கும், சிட்னியிலிருந்து காரோட்டி வந்த சொந்தங்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், மழையிலும் புதன்கிழமைகளில் அம்மாவுக்குக் குடை பிடித்தவர்களுக்கும் அப்பாவும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அம்மாவின் கிற்றார் இப்போது என் அறையில் இருக்கிறது. அண்மையில் ஒருநாள் அப்பா நான் பழகுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "கொம்மாவும் தொடக்கத்தில இப்பிடித்தான்" என்றார். பொய் என்று இருவருக்கும் தெரியும். வருகிற புதன் காலை பத்து மணிக்கு, வழமையான நடைபாதையில், சிவா அண்ணா எனக்கு நேரே நிற்பார். பாட்டுக்குக் கிற்றார் நரம்பில் நாலு விரல்பிடி வேண்டும்; மூன்று என் விரலுக்கு வந்துவிட்டன. இன்றைக்குச் சனிதான்.