உப்பில்லாத கடற்பாசிச் சூப்

பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசிச் சூப் வைத்துக் கொடுக்காவிட்டால் பியோன் குன்சுக்குக்கு மனசு ஆறாது. பெற்றது நாயாக இருந்தாலும் சரி. யோங்கின் நகருக்கு வெளியே இருந்த ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. உப்பும் பூண்டும் போடாமல், மாட்டுக்கறி மட்டும் சேர்த்து வீட்டிலேயே காய்ச்சித் தூக்கில் கொண்டுவருவாள். மேலாளர் தோ கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்.

செத்த செல்லப் பிராணியை மறுபடி பிறக்கவைத்துக் கொடுக்கிற இடம் அது. செத்த நாயின் தோலிலிருந்து ஒரு செல்லை எடுப்பார்கள். இன்னொரு நாயின் கருமுட்டையைக் காலி செய்து அதற்குள் இதை வைத்து, மின்சாரத்தால் லேசாகத் தட்டி எழுப்பி, மூன்றாவதாக ஒரு நாயின் வயிற்றில் விடுவார்கள். பல வயிற்றில் விட்டால் ஏதோ ஒன்றில் தங்கும். முகம் வரும், ஞாபகம் வராது என்று தோ எல்லோரிடமும் சொல்லத்தான் செய்வார். அழுதுகொண்டு வந்தவர்கள் காதில் முதல் பாதி மட்டும்தான் விழும். அந்த மூன்றாவது நாயைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறந்து கேட்டதில்லை.

நாற்பத்தேழு அப்படி ஒரு மூன்றாவது நாய். கறிக்காக நாய் வளர்க்கும் பண்ணையிலிருந்து வாடகைக்கு வந்த பழுப்புக் கலப்பினம். பெயர் வைக்கக் கூடாது என்பது கூடத்தின் விதி. குன்சுக்கின் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்று, வாலை ஆட்டாமல், அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது முறை வயிற்றைக் கிழித்து இரண்டு குட்டிகளை எடுத்தபிறகு, ஒப்பந்தப்படி அது பண்ணைக்கே திரும்பவேண்டும். திரும்பினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். குன்சுக் கூச்சத்தை விட்டு, அதைத் தன் வீட்டுக்குக் கொடுத்துவிடும்படி தோவிடம் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பண்ணை வண்டி வரும் அக்கா. அதுக்குள்ள வந்து காகிதத்துல உங்க முத்திரைய குத்திடுங்க. அப்புறம் அது உங்க நாய்" என்றார் தோ.

புதன்கிழமை அவள் கணவனின் அண்ணன் காங்னுங் ஊரில் செத்துப்போனார். அடக்கம் முடிந்து, வெள்ளி காலையில் பேருந்தை விட்டு இறங்கி நேரே கூடத்துக்கு வந்தாள். பையில், கையெழுத்துக்குப் பதில் குத்தும் அவள் முத்திரை இருந்தது. வாசல் கேட்டில் கை வைத்தபோதுதான் உறைத்தது. குட்டிகள் பிறந்து பத்தொன்பது நாள். பிள்ளை பிறந்த வீட்டுக்குள் இருபத்தொரு நாளைக்குச் சாவு வீட்டுக்காரர் காலெடுத்து வைக்கக் கூடாது. அவள் மூத்த மகள் பிறந்த பத்தாம் நாள் யாரோ அப்படி வந்துவிட்டுப் போனார்கள், பிள்ளை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார்; பெற்றவளுக்கு அது ஏறவில்லை.

தோ அறுவை அறையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. காவலாளியிடம் சொன்னாள்: "நான் சாவு வீட்டுலேருந்து வரேன், உள்ள வரக்கூடாது. இருபத்தொரு நாள் முடிஞ்சதும் திங்கக்கிழமை வந்து முத்திரை போடுறேன். நாற்பத்தேழ அனுப்பிட வேண்டாம்னு சார்கிட்ட சொல்லிடுப்பா."

அவன் தலையாட்டினான். அவன் சொன்னானா, சொல்லித் தோ மறந்தாரா, அது கடைசிவரை தெரியவில்லை. திங்கட்கிழமை சூப்போடு வந்தபோது குட்டிகள் வேறொரு நாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தன. நாற்பத்தேழின் கூண்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. தோ பண்ணைக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வெகுநேரம் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன் அக்கா."

அவள் சூப்பைக் கழிவுத்தொட்டியில் ஊற்றிவிட்டு மற்ற கூண்டுகளைக் கழுவப் போனாள். ஆத்திரம் அவர்மேல் இல்லை, கேட்டில் வைத்தும் திறக்காமல் எடுத்த தன் கைமேல்தான்.

இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளில் ஒன்றை வாங்க மா என்ற அம்மாள் வந்தார். செத்த நாயின் பெயரைச் சொல்லி, "மெமில், மெமில்" என்று கூப்பிட்டார். குட்டி போய்க் குன்சுக்கின் ரப்பர் பூட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து காய்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருத்தர் கேட்டார்:

"இத பெத்தவளுக்குத்தான். சூப்பு வெச்சுக் குடுங்க. சாப்பிடுவாளா?"

தோ தரையைப் பார்த்தார். குன்சுக் அந்தக் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லா சாப்பிடுவாம்மா. உப்பு மட்டும் போடக்கூடாது" என்றாள்.