ஜார்டியின் கல்

போர்ட்கெரிக்கு எதைப் பார்க்க வந்தாலும் கடைசியில் எல்ஸ்பெத் ஸ்லேட்டரின் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். கடலோர மேட்டிலிருக்கும் பழைய தேவாலயத்தின் சாவி அவரிடம் இருந்தது. கூரையே இல்லாத கோயிலுக்குப் பூட்டு எதற்கு என்றால், "செம்மறியாட்டுக்கு அது தெரியுமாடா?" என்பார்.

முப்பது வருடம் ஆலையில் மீன் அரிந்தவர். கணவர் ஜார்டி படகோடு கடலில் போனார், உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கும் எங்கள் ஊரில் தேவாலய இடுகாட்டில் கல்லறைக் கல் உண்டு. ஆள் வராவிட்டாலும் பேராவது கரையில் நிற்க வேண்டும். ஞாயிறுதோறும் எல்ஸ்பெத் அந்தக் கல்லில் படிந்த உப்பைத் துடைப்பார்.

ஒருமுறை அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட ஒருவர் வந்தபோது, வீடு வீடாக ஏறி நானூறு கையெழுத்து வாங்கித் தடுத்தவர் இவர்தான். கோபுரமும் கல்லறைகளும் பாதுகாக்கப்பட்ட சின்னமாயின. இனி ஒரு கல்லையும் யாரும் நகர்த்தக் கூடாது.

கடல் நகர்ந்தது. மேடு சரிந்து சரிந்து, போன இலையுதிர் காலத்தில் ஜார்டியின் கல்லுக்கும் விளிம்புக்கும் நான்கடிதான் மிச்சம். எங்கள் பண்ணை வீட்டில் முதல் பட்டதாரி நான். கல்லைப் புது இடுகாட்டுக்கு மாற்ற அனுமதி கேட்டு, சட்டப் பிரிவெல்லாம் போட்டு மூன்று பக்கம் எழுதினேன். அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு எல்ஸ்பெத்திடம் சொன்னார்.

"கீழ உடல் இருந்தா எடுத்து மாத்தலாம்மா. வெறும் கல்லுன்னா அது சின்னத்தோட சேர்ந்தது, தொட முடியாது."

"உடல் இல்லைன்னுதானே ஐயா கல்லே வெச்சோம்?"

"நீங்க கேட்டு வாங்கின பாதுகாப்புதானேம்மா இது."

"கடலுக்கும் ஒரு நகல் அனுப்பிடுங்க."

அவர் சிரித்துவிட்டு, மேல்முறையீடு செய்யச் சொல்லிப் போனார். செய்தேன். பதில் மார்ச்சில் வருமாம்.

ஜனவரியில் புயல் எச்சரிக்கை வந்ததும் எல்ஸ்பெத் வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, அப்பாவோட டிராக்டர் இருக்கு. அரை மணி நேர வேலை."

"நானூறு பேர்கிட்ட என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்? ஒரு கல்லும் அசையாதுன்னு. எல்லார் வீட்டுக் கல்லும் அங்கதான்டா நிக்குது. என்னுதை மட்டும் தூக்கிட்டுப் போனா, நாளைக்கு யார் மூஞ்சில முழிப்பேன்?"

"அப்ப விட்டுடலாமா?"

எல்ஸ்பெத் அடுப்பில் கெட்டிலை ஏற்றினார்.

இரண்டு நாள் கடல் அடித்தது. கோபுரத்தில் ஒரு கீறல் இல்லை. ஜார்டியின் கல்லும் அடுத்திருந்த இரண்டும் மண்ணோடு போயிருந்தன.

ஞாயிறன்று வழக்கம்போலத் துணியோடு வந்தார். புதுக் கயிற்று வேலிக்கு இப்பால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்துக் குடும்பத்தின் கல்லில் உப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

அதற்கும் விளிம்புக்கும் இடையே மூன்றடி இருந்தது.