தொண்ணூற்றாறு எலிகளும் ஆல்டன் பிங்கத்தின் நாற்காலியும்

ஆல்டன் பிங்கம் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அப்பாவின் லாப்ஸ்டர் படகில் மூன்று வருடம் வாந்தியெடுத்தார். பிறகு அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் எங்கள் ஊர் எலி ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவச் சேர்ந்தார். அங்கேயே யாரும் சொல்லித் தராமல் கணினியைக் கற்றுக்கொண்டார். இன்று அந்தக் கூடத்து எலிகளின் மரபணுத் தரவு மொத்தமும் அவர் கையில். உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் எடுத்துக்கொள்ளும்படி அதை ஒழுங்குபடுத்தி இணையத்தில் வைப்பவர் அவர்தான். டாக்டர் பட்டம் வாங்கியவர்களே அவர் வாசலில் நின்று, “ஆல்டன், என் கோப்பைக் காணோம்” என்று கையைப் பிசைவார்கள். பட்டம் சுவரில் தொங்கும். கோப்பைத் தேடித் தராது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிட்ட தரவை அழிக்கக் கூடாது. தப்பு இருந்தால் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போட்டு, என்ன தப்பு, யார் செய்தது என்று ஒரு வரி எழுதிப் பெயர் போட வேண்டும். உலகம் உள்ளவரை அந்த வரி அங்கேயே கிடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஆல்டன் ஒரு இரண்டாம் பதிப்பும் போட்டதில்லை. இதைத் தபால்காரரிடம் சொல்லியிருக்கிறார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்குப் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, ஜெர்மனியிலிருந்து ஃப்ரீடெரிக்கெ என்ற ஆராய்ச்சியாளர் போன் செய்தார்.

“மிஸ்டர் பிங்கம், உங்க புதுத் தொகுதில முதல் நாப்பத்தெட்டு எலியும் பொண்ணுன்னு போட்டிருக்கீங்க. மரபணுவப் பாத்தா அத்தனையும் ஆண்.”

“மிச்ச நாப்பத்தெட்டு?”

“ஆண்னு போட்டிருக்கீங்க. மரபணுல அதெல்லாம் பொண்ணு. முதல் பாதில பதினோரு எலி போன மாசம் குட்டி போட்டுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதாவது பதினோரு அப்பாங்களுக்குப் பிரசவம் ஆயிருக்கு. சுகப்பிரசவமா?”

ஆல்டனுக்குக் காது சிவந்தது. “அவ்ளோதானேம்மா! ஆணப் பொண்ணுன்னும் பொண்ண ஆண்னும் உங்க பக்கமே மாத்திக்குங்க. ஊரக் கூட்டுவானேன்?”

“அத மாத்தினாலும் தீராது. உங்க ஏழாம் நம்பர் வெள்ளை எலி, மரபணுல கருப்பு எலியா வருது. திங்கக்கிழமை இத நம்பித்தான் நாங்க வேலைய ஆரம்பிக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியான பட்டியல் வரலன்னா, உங்க தரவையே ஒதுக்கி வச்சிடுவோம்.”

ஆல்டன் நேராக லொரெய்ன் உல்லெட்டிடம் போனார். எலிகளின் வால் நுனியை வெட்டி டி.என்.ஏ. எடுப்பவர் அந்த அம்மாள்.

“ஏம்மா லொரெய்ன், வால மாத்தி மாத்தி வெட்டித் தொலச்சியா?”

“யோவ், முப்பது வருஷமா வெட்டறேன். வாய மூடலன்னா அடுத்தது உன்னோடதுதான்.”

வேலை நடக்கும் விதம் இதுதான். பணியாரச் சட்டி மாதிரி தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டு. லொரெய்ன் ஒவ்வொரு குழியிலும் ஒரு எலியின் டி.என்.ஏ.வை ஒரு சொட்டு விட்டு, அதன் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். ஆல்டன் எந்தக் குழி என்று பார்த்து, திரையில் உள்ள கட்டத்தில் அதே இடத்தில் அந்த எண்ணைப் போடுவார்.

இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லொரெய்ன் பன்னிரண்டு டோனட் உள்ள பெட்டியைத் திறந்தார். “மேல இடது மூலைல இருக்கிறது உனக்கு. வெல்லப்பாகு போட்டது.”

ஆல்டன் எடுத்துக் கடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“அது மிளகா போட்டது! என்னோடது! மேல இடதுன்னேன்ல?”

“மேல இடதுதான் எடுத்தேன்!”

“உன் இடதாய்யா? என் இடது!”

ஆல்டனின் வாயில் டோனட் அப்படியே நின்றது. எப்போதும் அவர் லொரெய்ன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுவார். இந்தக் குளிரில் மட்டும் ஹீட்டர் ஓரமாக நாற்காலியை எதிர்ப்பக்கம் நகர்த்தியிருந்தார். லொரெய்னின் முதல் குழி அவருக்குக் கடைசிக் குழி.

“அடியே, நீ கடைசிக் குழிலேந்து ஆரம்பிக்கிறதப் பாத்தேன். இடதுகைக்காரி, அப்படித்தான் செய்வான்னு நெனச்சுட்டேன்.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“சூடா இருந்துச்சு. கேக்கத் தோணல.”

பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஏழாம் எலி வெள்ளையானது. பதினோரு பிரசவமும் பெண்களிடமே போய்ச் சேர்ந்தது. இனி அந்த ஒரு வரிதான் பாக்கி.

ஆல்டன் சனிக்கிழமை முழுவதும் திரையை முறைத்தார். ‘தட்டு திரும்பிவிட்டது’ என்று எழுதினார். அழித்தார். தட்டு எங்கே திரும்பியது? ‘இடதுகைப் பழக்கத்தால்’ என்று எழுதினார். பின்னால் நின்ற லொரெய்ன் செருமினார். அதையும் அழித்தார்.

“என் பேரப் போட்டுத்தான் தப்பிச்சுக்கயேன்,” என்றார் லொரெய்ன். “நான் பெருமை பேசித் திரியல. எனக்கென்ன நட்டம்?”

அதுதான் சுருக்கென்று தைத்தது. சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவன் சொந்தத் தப்பை அடுத்தவள் தலையில் கட்டுவானா? ஆல்டன் தட்டினார்: ‘இரண்டாம் பதிப்பு. காரணம்: பதிவு செய்தவர் குளிருக்குப் பயந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். சொட்டு விட்டவர் மேல் தவறில்லை. ஆல்டன் பிங்கம்.’

ஞாயிறு காலை பதில் வந்தது. ‘தொண்ணூற்றாறும் பொருந்துகின்றன. நாளை தொடங்குகிறோம். இப்படி ஒரு காரணத்தை நாங்கள் எங்கும் படித்ததில்லை. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.’

ஆல்டன் அதை மூன்று முறை படித்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

“பாத்தியா லொரெய்ன்? நான் எழுதின காரணத்த ஜெர்மனியே படிக்குது! இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு இரண்டாம் பதிப்ப எவன் போட்டான்?”

“எவனும் போடல ராசா,” என்றார் லொரெய்ன். “எல்லாரும் ஒரே பக்கமா உக்காந்தாங்க.”