இரண்டு மா நிலமும் ஒரு நெஞ்சு வலியும்

எங்கள் வேலையைப் பற்றி மேடையில் உருகாத கட்சிக்காரர் கிடையாது. உயிர் காக்கும் தெய்வங்கள் என்பார்கள். ஆட்சி மாறினால் வேட்டியின் கரை மாறும், வசனம் மாறாது. தெய்வம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனால், பேசிய அதே ஆளின் வரவேற்பு வளைவு பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். மயிலாடுதுறைப் பக்கம் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் பல வருஷம் ஓடியவள் நான். எனக்கு யாரும் மாலை போட வேண்டாம், வழி விட்டால் போதும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிப்பவன்கூட மூச்சு வாங்கும் இடைவெளியில் கேட்பான், "உனக்கு எந்த ஊரும்மா? அங்க எந்தத் தெரு?" என்று. பேராவூரணிப் பக்கம் என்பேன். தெருவைச் சொல்ல மாட்டேன். என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தது அதற்காக அல்ல. ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக் கொஞ்சம் இறுக்கினால் தெரு ஆராய்ச்சி தானாக நின்றுவிடும்.

நிலத் தகராறு என்றால் இன்னும் கேவலம். வரப்பில் கைகலப்பு நடந்ததும் இரண்டு தரப்பும் ஆம்புலன்ஸைக் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் முதலில் படுத்தவன் பக்கம்தான் கேஸ் பலமாக நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. முழங்கையில் சிராய்ப்பு இருக்கும், ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்ததும் ஐயோ அம்மா என்று ஊளையிடுவார்கள். செல்போனில் படம் எடுத்தவன் போனதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களை ஏற்றி ஏற்றி அலுத்துப்போன என்னிடம், ஒருநாள் உண்மையிலேயே சாகக் கிடந்த ஒருவர் வர மாட்டேன் என்று அடம் பிடித்தார்.

சம்பா நடவுக்குச் சேறடித்துப் போட்டிருந்த வயல். நடுவில் ஒரு பெரியவர் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது, முகம் சாம்பல் பூத்திருந்தது, வலி இடது தோள் வரை இழுக்கிறது என்றார். மாரடைப்பு என்று சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. வரப்பில் அவருடைய சொந்தத் தம்பி டிராக்டரோடு நின்றான். முக்கால் ஏக்கர்கூட வராத அந்த இரண்டு மா நிலம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் பழைய தாவா. அன்று காலை தம்பி உழ வந்திருக்கிறான், அண்ணன் குறுக்கே ஓடியிருக்கிறார், ஓடிய இடத்தில் நெஞ்சு வலி வந்து உட்கார்ந்துவிட்டார். எங்களைக் கூப்பிட்டது சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய ஒரே மகன்.

கூப்பிட்டவனே குறுக்கே நின்றான். "இங்கயே வச்சுப் பாருங்க சிஸ்டர். ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும். வக்கீல் வந்துக்கிட்டிருக்காரு."

"இது ஊசியில போற வலி இல்ல. உடனே ஏத்தணும். தூக்குங்க."

பெரியவர் என் கையைத் தட்டிவிட்டார். "நான் எந்திரிச்சா அவன் டிராக்டரை எறக்கிடுவான். நெலம் என் கையில இருக்குங்கற சுவாதீனம் போயிடும். நீங்க போங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேற்றை மிதித்துக்கொண்டு வரப்புக்குப் போனேன். அங்கே தம்பிக்கு ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் அண்ணனுக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் பஞ்சாயத்துக்கு வந்திருந்தார்கள். இருவரும் ஒரே கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் சாவியை வாங்கி என்னிடம் கொடுங்கள், அவர் எழுந்து வந்துவிடுவார் என்றேன்.

"அது சட்டப்படி தப்பும்மா" என்றார் ஒருவர். மற்றவர், "பேசி முடிச்சிடுவோம், கொஞ்சம் பொறுங்க" என்றார். ஊரில் வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் ஒரு மனுஷனைக் காத்திருக்க வைப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. தம்பிக்காரன் என்னைப் பார்க்கவே இல்லை, அண்ணன் எப்போது எழுந்திருப்பார் என்பதிலேயே கண்ணாக இருந்தான்.

கடைசியில் பெரியவரின் மனைவிதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். "நான் உக்கார்றேன். அவன் ஏத்தினா என் மேல ஏத்தட்டும். நீங்க போயிட்டு வாங்க" என்று புருஷன் பக்கத்தில் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகே அந்த மனுஷன் கையை நீட்டினார். புருஷனோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவள் நிலத்துக்குக் காவல், நிலத்துக்குக் காவல் இருக்கக்கூடிய மகன் ஆம்புலன்ஸில். இந்த ஏற்பாட்டைச் சரி என்று ஊரே தலையாட்டியது.

மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்து, ஆக்ஸிஜன் மாட்டினேன். ஓட்டுநரை எங்கள் வேலையில் பைலட் என்பார்கள். ஆற்றங்கரைப் பாதையின் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் வசவு ஒன்று வைத்திருந்த எங்கள் பைலட் அன்று வாயே திறக்காமல் விரட்டினார். பாதி வழியில் மகனுக்குப் போன் வந்தது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தை விட்டுவிட்டு, வயலின் மறு கோடியில் டிராக்டரை இறக்கிவிட்டார்களாம். போனை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருவேளை ஆகக் கூடாதது ஆயிடுச்சுன்னா, ஆஸ்பத்திரிக்கு வேணாம். வண்டியத் திருப்பி வயல்லயே எறக்கிடுங்க. அங்கயே அடக்கம் பண்ணிட்டா எவனும் ஏர் வைக்க முடியாது."

அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இவன் கன்னத்தில் ஒன்று வைத்தால் வேலை போகுமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் பெரியவர் முகமூடியைச் சற்று விலக்கினார். மகனைத் திட்டப் போகிறார், காதாரக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

"அவன் சொல்றது சரிதாம்மா. அப்பிடியே செஞ்சிடுங்க" என்றார்.

"நான் பொணம் ஏத்த வரல. நீங்க செத்தா உங்க தம்பிதான் வயல்ல நிப்பாரு, நீங்க இல்ல. மாஸ்க்கை மாட்டுங்க" என்று கத்தினேன். நோயாளியிடம் அப்படிப் பேசக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர்களை ஒருநாள் இந்தக் குடும்பத்தோடு விட்டுப் பார்க்க வேண்டும்.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவருக்கு நாடி நின்றது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அவர் கழுத்தில் கிடந்த கட்சிக்கரைத் துண்டாலேயே நெஞ்சிலிருந்த சேற்றைத் துடைத்தேன். அந்தத் துண்டு ஒரு உருப்படியான காரியத்துக்கு உதவியதை அன்றுதான் பார்த்தேன். பைலட் பின்னால் ஏறி வந்து நெஞ்சை அழுத்த, நான் ஷாக் கருவியின் பட்டைகளை ஒட்டினேன். ஒருமுறை தூக்கிப் போட்டது. ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினோம். என் வியர்வை அவர் முகத்தில் சொட்டியது. மறுமுறை ஷாக் கொடுத்து அழுத்திக்கொண்டிருக்கையில் கையைத் தள்ளிவிட்டு முனகினார். என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அவர் யார், எப்பேர்ப்பட்டவர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லை. மகன் கீழே இறங்கிச் சாலையோரம் போன் பேசிக்கொண்டிருந்தான். ஏறப்பா என்று பைலட் அதட்டித்தான் ஏற்றினார்.

அரசு மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வண்டியில் சேற்றைக் கழுவிவிட்டு, மனசு கேட்காமல் வாசலிலேயே நின்றோம். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. பொழைச்சுக்குவாரு" என்றார். பைலட் என் தோளைத் தட்டினார். நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான். "ஒண்ணும் ஆகாதாம் மாமா. பொழைச்சுக்குவாராம்" என்றான். மேட்டூரில் இந்த வருஷமும் தண்ணீர் திறக்க மாட்டார்களாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, அந்தக் குரலில்.