இரண்டு பேருக்காகத் தூக்கிய ஜீப்

நான் ஓட்டும் எதிலும் என் மனைவி உட்கார மாட்டாள். சில வருடங்களுக்கு முன் மணலி ரோட்டில், மழைத் தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் என் பைக் இறங்கியது. இருவரும் விழுந்தோம். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தப்பு பள்ளத்தின் மேலா, என் மேலா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. அன்றிலிருந்து மாதா கோவிலுக்கு ஷேர் ஆட்டோ, அக்கா வீட்டுக்கு பஸ். நான் காலி வண்டியில் பின்னாலேயே போவேன். கல்மண்டபத்தில் எங்கள் தெருவே இந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தது.

அதனால்தான் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும், சாய வழியில்லை என்று அவளுக்கு விளக்கினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து மணல், பாறை என்று தேடிப் போவோம். மற்றவர்கள் பெண்டாட்டியோடு வருவார்கள். என் பக்கத்து சீட்டில் தண்ணீர் கேன் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் அவள் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வண்டியின் அடிப்பக்கம் மணலில் தட்டியது. நாலு அங்குலம் தூக்கிவிட்டால் எந்தப் பள்ளமும் நம்மை ஒன்றும் செய்யாது, அவளும் நம்பி ஏறுவாள் என்று நினைத்தேன். ஜீப்பைத் தூக்குவதற்கென்றே தனி ஸ்பிரிங் செட்டுகள் விற்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஸ்பிரிங் என்றாலே கால் சாத்தாங்காட்டுக்குத்தான் போகும். அங்கே இரும்பு மார்க்கெட்டை ஒட்டி, லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் ஷெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு ஷெட்டின் மேஸ்திரி ஜீப்பைச் சுற்றி வந்தார்.

“இன்னா லோடு ஏத்துவ நைனா?”

“லோடெல்லாம் இல்லண்ணே. நானும் என் பொண்டாட்டியும்தான்.”

“ரெண்டு பேருக்கா இம்மாம் ஒசரம் தூக்குற?”

அவர் நம்பவேயில்லை. ஏதோ லோடு அடிக்கப்போகிறேன், வெளியே சொல்ல மறைக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தடித்தடியாகக் கூடுதல் பட்டைகளை அடுக்கி, நீளமான ஷாக் அப்சார்பரும் மாட்டிவிட்டார். ஜீப் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் குடல் இடம் மாறிப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, காசிமேடு வரிக்கும் வரேன்” என்றாள். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். வழியில் கிடந்த ஒவ்வொரு சல்லிக்கல்லும் எங்களைத் தூக்கிப் போட்டது. ஒருமுறை அவள் தலை கூரையில் இடித்தது. “நிறுத்து” என்றாள். இறங்கினாள், புடவையைச் சரிசெய்தாள், பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோபத்தோடு சாத்தாங்காட்டுக்குப் போனேன். மேஸ்திரி ஜீப்பை ஒரு சுற்று ஓட்டிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் இறங்கினார்.

“வண்டி சோக்கா கீது. வெயிட்டு இல்லாம பட்ட வளையாது, ஆளுதான் பத்தல. பத்து பேர ஏத்திக்கினு போய்ப் பாரு, தொட்டில் மாரி போவும்.”

பட்டையைக் கழட்டுங்கள் என்றால், டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றன, அடுத்த வாரம் வா என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பத்து பேரா? எங்க வூட்ல ஆளுக்கா பஞ்சம்? எல்லாரும் கூட இருந்தா நீயும் ஒழுங்கா ஓட்டுவ.” உடனே போனை எடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும், திருவொற்றியூரிலிருந்து அவள் அக்கா குடும்பம் நாலு பேர், தண்டையார்பேட்டையிலிருந்து அவள் சித்தப்பா குடும்பம் நாலு பேர், எங்கள் வீட்டில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் அடைந்தார்கள். சித்தப்பா ஒருவரே இரண்டு மூட்டைக்குச் சமம். அவர் ஏறியதும் ஜீப் சட்டென்று தணிந்தது. எனக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

மேஸ்திரி சொன்னது நிஜம்தான். வண்டி அலுங்காமல் போனது. எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு மணல்மேட்டில் நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டு ஏற்றினேன். பின்னால் எட்டு பேரும் கூச்சல் போட்டார்கள். முன் சீட்டில் அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். மேலே போய் நின்றதும் திறந்தாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். “இன்னொரு வாட்டி ஏத்து” என்றாள். ஐந்து தடவை ஏற்றினேன்.

திரும்பும்போது திருவொற்றியூரில் அக்கா குடும்பம் இறங்கியது. ஜீப் லேசாகத் துள்ள ஆரம்பித்தது. தண்டையார்பேட்டையில் சித்தப்பா குடும்பமும் இறங்கியது. இனி நாங்கள் இரண்டு பேர்தான். ரோட்டோரம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, நடுவில் ஒரே குண்டும் குழியும். முதல் குழியிலேயே இருவரும் சீட்டை விட்டு எழும்பினோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரே பஸ் ஸ்டாப் தெரிந்தது. அவள் சொல்வதற்கு முன் நானே ஓரங்கட்டி, எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

“பின்னாடி பஸ் வருது.”

அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள்.

“இன்னாத்துக்கு நிறுத்துன? மெதுவா ஓட்டு, நான் புடிச்சிக்கிறேன்.”

பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நான் வீடு வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.